போயா மார்க் ரமாபாய்

வியாசர்பாடியில் ரயில் பாதையை ஒட்டியிருந்த ஒரு தகரக் கொட்டகையில் ரமாபாய் சொந்தமாகப் பீடிக் கம்பெனி ஆரம்பித்தது 1997-இல். சரக்கு தயாராவதற்கு முன்பே பெயருக்காக வீட்டில் ஒரு வாரம் சண்டை நடந்தது. புத்தர் பெயரை வைக்கலாம் என்று உறவுக்காரர் ஒருவர் யோசனை சொன்னபோது ரமாபாய் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவைத்தாள்.

"குடிச்சிட்டு கால்ல போட்டு நசுக்குவானுங்க. அதுக்கு அவரு பேரா கெடச்சுது?" என்றாள்.

கடைசியில் பெயரைச் சொன்னது அவள் கணவன் ஜெயவேல். துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவன். எல்லாம் கன்டெய்னரில் வர ஆரம்பித்து, ஆள் தேவை குறைந்ததும் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டான். அந்தப் பணத்தில்தான் கம்பெனியே. கப்பலுக்கு வழி காட்டக் கடலில் சிவப்பாக ஒன்று மிதந்துகொண்டிருக்குமே, அந்த மிதவைக்குத் துறைமுகத்தில் போயா என்று பெயர்.

"எந்த ஊரு கப்பலா இருந்தாலும் அத்தப் பாத்துதான் உள்ள வரணும். போயா மார்க்குனு வெச்சிடுமே," என்றான்.

சிவப்புப் போயா, அடியில் இரண்டு நீல அலை, அதற்கும் கீழே 'உரிமையாளர்: ஜெ. ரமாபாய், வியாசர்பாடி, சென்னை' என்று லேபிள் அச்சாகி வந்தது. பெயரில் ஒரு வில்லங்கம் இருந்ததை யாரும் யோசிக்கவில்லை. ராயபுரத்தில் ஒரு பெட்டிக்கடையில் ஒருவன் போய் "அண்ணே, போயா குடு" என்று கேட்க, கடைக்காரர் "யாரப் பாத்து போய்யான்ற?" என்று எகிறிவிட்டார். சட்டையைப் பிடிக்கும் அளவுக்குப் போன பிறகுதான் பீடி என்று தெரிந்தது. அந்தக் கதை துறைமுக வாசல் வரைக்கும் பரவி, வேண்டுமென்றே கடை கடையாகப் போய் "போய்யா இருக்கா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். கேட்டவர்கள் வாங்கவும் செய்தார்கள். விளம்பரத்துக்கென்று ரமாபாய் தனியாக ஒன்றும் செய்யவில்லை.

பீடி அவளுக்குப் புதிய தொழில் இல்லை. பள்ளிக்கூடத்தை விட்ட வயதில் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தவள். அவள் அப்பா பெரம்பூர் ரயில்வே பட்டறையில் கூலியாக இருந்தவர், பௌத்தர், கூட்டம் தவறாமல் போகிறவர். நாம்தான் இந்த மண்ணின் பூர்வகுடி, மற்றவர்கள் எல்லாம் பிறகு வந்தவர்கள் என்று சாப்பிடும்போதுகூடச் சொல்லிக்கொண்டிருப்பார். மகளுக்கு அண்ணலின் மனைவி பெயரை வைத்ததும் அவர்தான். "பூர்வகுடிக்கு எதுக்கு நைனா பொழுது விடிஞ்சா முறம்?" என்று ரமாபாய் ஒருமுறை கேட்டு, அவர் கை கழுவ எழுந்துபோனார்.

பீடி சுற்றிச் சுற்றி, பிறகு ஒரு பெரிய கம்பெனியில் சரக்கு பார்க்கிற வேலைக்குப் போனாள். எந்த ஊர்த் தூளை எந்தத் தூளோடு கலந்தால் நெடி வரும், எது தொண்டையைப் பிடிக்கும் என்பதெல்லாம் அங்கே பிடிபட்டது. அந்தக் கம்பெனி மேனேஜர் பீடி சுற்றுகிற வீடுகளைப் பார்க்க மாதத்துக்கு ஒருமுறை வியாசர்பாடிக்கு வருவார். தண்ணீர் கொடுத்தால் வாங்க மாட்டார். வெயிலில் உதடு வெடித்தாலும் கார் வரைக்கும் போய் அவர் பாட்டிலிலிருந்துதான் குடிப்பார். ரமாபாய் அதைப் பார்த்தாள். கோபப்பட்டதாக யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் ஜெயவேல் ஓய்வு வாங்கிக்கொண்டு வந்து, ஆட்டோ வாங்கலாமா என்று கேட்டபோது, "வாணாம். நம்மளே பீடி போடலாம்" என்று உடனே சொல்லிவிட்டாள்.

கூட வேலைக்கு வந்தவர்கள் எல்லாம் அதே தெருவிலும் பக்கத்துத் தெருக்களிலும் இருந்தவர்கள். முதலில் வந்தவள் பூவம்மா. இருவரும் சின்ன வயதிலிருந்து ஒரே வாசலில் உட்கார்ந்து இலை வெட்டியவர்கள். பூவம்மாவுக்கு வாய் நீளம், கை அதைவிட வேகம். ரமாபாய் கலவை போடுவாள். பெண்கள் இலை வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டுவார்கள். சுற்றிய பீடியைக் கரி அடுப்புக்கு மேலே கம்பித் தட்டில் வைத்துச் சூடு காட்டுவது ஜெயவேல் வேலை. இன்னொரு வேலையும் அவனுக்கு இருந்தது. புதிதாகக் கலக்கிற ஒவ்வொரு கலவையையும் குடித்துப் பார்த்துச் சொல்வது அவன்தான். கொட்டகை வாசலில் குந்திக்கொண்டு, கண்ணை மூடி இழுத்து, மூக்கு வழியாக விட்டு, "கொஞ்சம் காரம் தூக்கலா கீது" என்பான். ரமாபாய் மாற்றிக் கலப்பாள். மறுபடி இழுப்பான். "ஆங். இப்ப கரீட்டு." அவன் சொன்னால்தான் சரக்கு வெளியே போகும்.

முதல் வருடம் உள்ளூரில் ஓடியது. வெளியே அனுப்ப வேண்டுமென்றால் மண்டிக்காரர்கள் எடுக்க வேண்டும். பாரிமுனையில் பெரிய மொத்த வியாபாரி ஒருவரிடம் ரமாபாய் சாம்பிள் கொண்டுபோனாள். அவர் குடித்துப் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்று தலையாட்டினார். பிறகு கட்டைத் திருப்பி லேபிளைப் படித்தார்.

"சரக்கு பிரமாதம்மா. இந்த அட்ரஸ் மட்டும் வேணாம்."

"ஏன் சார்?"

"மண்ணடி அட்ரஸ் ஒண்ணு போட்டுக்கோ. என் கடை அட்ரஸே போட்டுக்கோ, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். உன் பேரும் வேணாம். வியாசர்பாடின்னு பாத்தா வெளியூர்ல சில பேரு எடுக்க மாட்டான். வாயில வைக்கிற பொருள் பாரு. நான் சொல்லலம்மா, அவனுங்க அப்படி."

ரமாபாய் அவரையே பார்த்தாள். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. அவர் மேசை மேல் வேறு இரண்டு கம்பெனிக் கட்டுகள் கிடந்தன. இரண்டுமே யார் யார் வீட்டு வாசலில் சுற்றியவை என்று அவளால் பெயர் சொல்ல முடியும்.

"சார், இந்த ரெண்டுகூட எங்க தெருவுல சுத்துனதுதான். எச்சி தொட்டு ஒட்டுறவங்களும் நாங்கதான். இத்தினி நாளா எங்க கை நல்லாருந்துது. இப்ப எங்க பேருதான் நல்லாலியா?"

அவர் சங்கடமாகச் சிரித்தார். "வியாபாரத்துல இதெல்லாம் பாக்கக் கூடாதும்மா."

"நானு பாக்கல சார். நீங்கதான் திருப்பிப் பாத்தீங்கோ."

சாம்பிள் கட்டுகளைப் பையில் எடுத்துப் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.  வீட்டில் சொன்னதும் ஜெயவேல் குதித்தான். பூவம்மா, "அட்ரஸ்தானே, மாத்திக்கினு போவ வேண்டியதுதானே, நமக்கு வேல நடந்தா போதாதா?" என்றாள். அன்றைக்கு ரமாபாய்க்குப் பூவம்மா மேல்தான் அதிகக் கோபம் வந்தது. அடுத்த முறை லேபிள் அடிக்கும்போது, அவள் பெயரும் ஊரும் போயாவின் அளவுக்குப் பெரிய எழுத்தில் வந்தன.

மண்டி இல்லாமல் விற்பதென்றால் நடக்க வேண்டும். நடந்தாள். பெரம்பூர் பட்டறை வாசல், திருவொற்றியூர்க் கம்பெனிகளின் ஷிப்டு மாறுகிற நேரம், எண்ணூர் லாரி ஸ்டாண்டு. அப்படித்தான் காசிமேட்டில் யேசுதாஸைப் பார்த்தாள். விசைப்படகில் டிரைவராக இருந்தவர், ராயபுரத்துக் கோயில் தெருக்காரர். ஒரு கட்டு வாங்கிக்கொண்டு கடலுக்குப் போனவர், திரும்பி வந்து அவள் கையிலேயே அதைத் திருப்பிக் கொடுத்தார்.

"யக்கா, கரையில உன் பீடி ராஜா. கடல்ல நமத்து பொணமா கீது. இழுத்து இழுத்து வாய்தான் வலிக்குது. தெனம் வந்து போற போட்டு இல்லக்கா இது, போனா வாரக் கணக்குல அங்கதான் கெடப்போம்."

"எல்லா பீடியும் நமக்கத்தானே செய்யும்?"

"எல்லாமும் நமக்குது. அதான் சொல்றேன். நமக்காத பீடி ஒண்ணு போடு. காசிமேட்ல வேற எவனும் கட போட முடியாது."

ரமாபாய் இதை விடவில்லை. கொஞ்சம் அதிக நேரம் சூடு காட்டிப் பார்த்தாள், இலை உடைந்தது. இலையை வேறு வகையில் ஊறவைத்து, அடுப்பில் அனலைக் குறைத்து, நேரத்தைக் கூட்டினாள். சூடு ஆறுவதற்குள் பிளாஸ்டிக் தாளில் சுற்றி, மெழுகுவர்த்தியில் வாயை ஒட்டினாள். ஒவ்வொரு முறையும் யேசுதாஸ் கடலுக்கு எடுத்துப்போய் வந்து குறை சொல்வார். மழைக்காலம் முடிவதற்குள் அவர் குறை சொல்வதை நிறுத்தினார். அவர் படகு முழுக்கப் போயாதான் என்றானதும் பக்கத்துப் படகுகளிலும் கேட்டார்கள். பிறகு காசிமேட்டில் ஐஸும் டீசலும் ஏற்றும்போது கூடவே போயா மார்க் அட்டைப்பெட்டியும் ஏறியது. புலிக்காட், காட்டுப்பள்ளிப் பக்கத்துக் கட்டுமரக்காரர்கள்கூட ஆள் விட்டு வாங்கினார்கள். கொட்டகையைப் பக்கத்து மனைக்கும் நீட்டினாள். இரண்டு பக்கமும் பெரிய ஜன்னல் வைத்து, தூசியை வெளியே தள்ள மின்விசிறி மாட்டினாள். பாரிமுனை வியாபாரி ஒருநாள் ஆள் அனுப்பினார். அதே லேபிளோடு எடுத்துக்கொள்வதாகச் சொல்லச் சொன்னாராம். ரமாபாய் சரக்கு கொடுத்தாள். ஜெயவேலுக்கு அது பிடிக்கவில்லை. "வர்றவன வாணாம்னு சொன்னா வியாபாரமா?" என்று அவள் கேட்டாள்.

ஏழெட்டு வருடம் இப்படிப் போயிற்று. மகள் மகிழினி பள்ளிப் படிப்பை முடித்து நர்ஸிங் சேர்ந்தாள். சுனாமியில் படகுகள் நொறுங்கிக் காசிமேடு பல மாதம் படுத்துக் கிடந்தது. அப்போதும் வேலையை நிறுத்தாமல், லாரி ஸ்டாண்டுகளை நம்பிச் சமாளித்தாள். அந்த நாட்களில் புதுக் கலவைகள் நிறையப் போட்டுப் பார்த்தார்கள். ஜெயவேல் வாசலில் உட்கார்ந்து ஒன்று மாற்றி ஒன்று இழுத்துக்கொண்டிருந்தான்.

இருமல் எப்போது ஆரம்பித்தது என்று வீட்டில் யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. தூள் புழங்குகிற இடத்தில் எல்லோரும்தான் இருமுவார்கள். துண்டில் ரத்தம் பட்டபோது அவனே அதைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறான். மகிழினிதான் கண்டுபிடித்தாள். பெரியாஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்து, ஸ்கேன் எடுத்து, டாக்டர் படத்தை விளக்கில் மாட்டி, வலது பக்கம் ஒரு இடத்தைப் பேனாவால் வட்டம் போட்டுக் காட்டினார்.

"பீடி எவ்வளவு நாளா?" என்று கேட்டார்.

ஜெயவேல் சிரித்தான். "சார், எங்கள்து பீடிக் கம்பெனி. நான்தான் டேஸ்டு பாக்கறவன்."

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து ரமாபாயைப் பார்த்தார்.  அந்தப் பார்வையைப் பற்றி அவள் பிற்காலத்தில் மகளிடம் மட்டும் பேசியிருக்கிறாள்.

அவன் ஒரு வருடம் கூட இருக்கவில்லை. கடைசி மாதங்களில் எலும்பும் தோலுமாகக் கட்டிலில் கிடந்தவன், கொட்டகையிலிருந்து சூடு காட்டுகிற வாசனை வந்தால் தலையைத் தூக்குவான். "அனலு ஜாஸ்தியா கீது. போய்ச் சொல்லுமே" என்பான். ரமாபாய் போய்ச் சொல்லிவிட்டு வருவாள். அவன் சொன்னது சரியாகத்தான் இருக்கும்.

2006 கோடையில் மூலக்கொத்தளத்தில் அவனைப் புதைத்தார்கள். வீட்டு வாசலில் பௌத்த முறைப்படி பஞ்சசீலமும் சொன்னார்கள், அவன் கூட்டாளிகள் ஆசைப்பட்டபடி தப்பட்டையும் அடித்தார்கள். சாவுக்கு வருகிறவர்களுக்குத் தட்டில் வெற்றிலை பாக்கும் பீடியும் வைப்பது அந்தப் பக்கத்து வழக்கம். யார் வைத்தது என்று தெரியவில்லை, எவர்சில்வர் தட்டில் போயா மார்க் கட்டுகளைப் பிரித்துப் பரப்பியிருந்தார்கள். தப்பட்டை அடித்தவர்கள் ஆளுக்கொன்று பற்றவைத்தார்கள். ஜெயவேலோடு மூட்டை தூக்கியவர்கள் பற்றவைத்தார்கள். கண்ணாடிப் பெட்டியைச் சுற்றிப் புகை நின்றது. நல்ல சரக்கு, அவன் கடைசியாகச் சரி என்று சொன்ன கலவை. ரமாபாய் அழுதுகொண்டிருந்தவள் அழுகையை நிறுத்திவிட்டு அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து போய்த் தட்டை எடுத்து உள்ளே வைத்தாள். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. துக்கத்தில் இருப்பவள் என்று விட்டுவிட்டார்கள்.

காரியம் முடிந்து கொட்டகைக்குப் போனவள், எல்லோரும் வந்து உட்கார்ந்த பிறகு சொன்னாள்: "கம்பெனிய மூடிடலாம்னு கீறேன்."

கத்தரிக்கோல் சத்தமெல்லாம் நின்றது. பூவம்மா மட்டும் முறத்திலிருந்து கையை எடுக்கவில்லை.

"எதுக்கு?"

"அவரு எதுக்கு செத்தாருன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும். என் வூட்டுக்காரன் சாராயத்துல செத்தான். என் தம்பி எண்ணூராண்ட ஆசிட் புகைய குடிச்சிகினு வேல செஞ்சே செத்தான். அந்தக் கம்பெனிய எவனாச்சும் மூடினானா? ரெண்டாம் நாளே வேற ஆளு எடுத்தான்."

"அவன் மூடலன்னா நானும் மூடக் கூடாதா? எம்மாம் பேரு இத்தக் குடிச்சிகினு கீறான் பூவு. யேசுதாஸு போட்ல இருக்கற பசங்க மொதக்கொண்டு. எனக்கு சோறு எறங்கல."

"உனக்கு எறங்கலன்னா தட்டுல சோறு கீதுன்னு அர்த்தம்." பூவம்மா முறத்தைக் கீழே வைத்தாள். "உன் பொண்ணு நர்ஸாயிடுவா. நீ மூடிட்டுப் போலாம். எங்களுக்கு வேற இன்னா தெரியும், சொல்லு. நாளிக்கே நாங்க பழையபடி அந்த மேனேஜரு வாசல்ல போயி நிக்கணும். நீ நல்லவளாவறதுக்கு எங்க அடுப்புல தண்ணி ஊத்துவியா?"

 கடைசி வரிசையில் ஒருத்தி அழ ஆரம்பித்தாள். ரமாபாய் அப்படியே எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டாள்.

மகிழினிக்கு இதில் இரண்டு பேச்சே இல்லை. "மூடும்மா. நீ வார்டுல வந்து பாரு ஒரு நாளு," என்றாள்.  மகள் சொல்வதும் சரி, பூவம்மா கேட்டதும் சரி. இரண்டு பக்கமும் சரியாக இருக்கும்போது என்ன செய்வது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சில நாள் கொட்டகைக்கே போகவில்லை. பெண்கள் அவர்களாகவே வந்து, இருக்கிற தூளை வைத்துச் சுற்றிவிட்டுப் போனார்கள்.

பிறகு ஒருநாள் பூவம்மாவை வீட்டுக்குக் கூப்பிட்டு, தேநீர் போட்டுக் கொடுத்துவிட்டுச் சொன்னாள். கம்பெனியை உங்கள் எல்லோர் பேரிலும் சங்கமாக எழுதிக் கொடுத்துவிடுகிறேன். கொட்டகை, அடுப்பு, லேபிள் எல்லாம். கலவையும் சொல்லிக் கொடுக்கிறேன். எனக்கு அதிலிருந்து ஒன்றும் வேண்டாம்.

பூவம்மா நம்பாமல் பார்த்தாள். "சும்மாவா குடுக்கற?"

"சும்மா இல்ல. இனிமேட்டு புதுசா ஒரு பொண்ணக்கூட முறத்துல உக்கார வெக்கக் கூடாது. உங்க பொண்ணுங்க, மருமவளுங்க, யாரையும். எல்லாருக்கும் பீடித் தொழிலாளி அட்டை வாங்கணும். அத்தக் காட்டுனா பிள்ளைங்க படிப்புக்கு ஒத்தாச கெடைக்கும். நானே ஆபீஸுக்கு இட்டுகினு போறேன்."

"புதுசா ஆளு எடுக்கலன்னா எங்களோட முடிஞ்சிடுமே ரமா."

"ஆமா."

பூவம்மா தேநீரைக் குடித்து முடித்தாள். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து, "சரி. எங்களோட முடியட்டும்," என்றாள்.

சொன்ன சொல்லை அவர்கள் முழுசாகக் காப்பாற்றினார்கள் என்று சொல்ல முடியாது. புருஷன் விட்டுப்போன ஒரு மருமகளைப் பூவம்மாவே கொஞ்ச நாள் உட்கார வைத்திருந்தாள். ரமாபாய் கேள்விப்பட்டுப் போய் வாசலில் நின்று கத்தியதைத் தெருவே வேடிக்கை பார்த்தது. அந்தப் பெண்ணுக்குத் தண்டையார்பேட்டையில் துணி தைக்கிற கம்பெனியில் வேலை வாங்கிக் கொடுத்த பிறகுதான் இருவரும் பேசிக்கொண்டார்கள். மற்றபடி, வயதாகி ஒருத்தி நின்றால் அந்த இடம் காலியாகவே இருந்தது.

2009-இல் பீடிக் கட்டின் மேல் நுரையீரல் படம் போட்டுத்தான் விற்க வேண்டும் என்று அரசு உத்தரவு வந்தது. பூவம்மா அச்சகத்துச் சாம்பிளை எடுத்துக்கொண்டு ரமாபாயிடம் ஓடிவந்தாள். படத்தைக் கொஞ்சம் மங்கலாக அடித்தால் தெரியாது, மற்றவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள் என்று அச்சகத்தில் சொன்னார்களாம். ரமாபாய் அந்தப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். டாக்டர் விளக்கில் மாட்டிய படத்தைப் போலவே இருந்தது, வட்டம் மட்டும் இல்லை.

"நல்லா பளிச்சுனு போடச் சொல்லு," என்றாள்.

"எவன் வாங்குவான்?"

"வாங்குறவன் பாத்துட்டு வாங்கட்டும்."

பூவம்மா முனகிக்கொண்டே போனாள். ஆனால் பளிச்சென்றுதான் அடித்தார்கள்.

ரமாபாய் அதற்குள் வேறொரு வேலையைத் தன் தலையில் போட்டுக்கொண்டிருந்தாள். புதன்கிழமைகளில் கொட்டகைப் பெண்களில் இரண்டு மூன்று பேரை அழைத்துக்கொண்டு, அரசு ஆஸ்பத்திரிக்கு நெஞ்சுப் பரிசோதனைக்குப் போவாள். தூள் மூச்சில் ஏறி எல்லோருக்கும் இழுப்பு இருந்தது. கூலி போய்விடும் என்று யாரும் தானாக வர மாட்டார்கள். காலையிலேயே வீடு வீடாகப் போய் நின்று, தலை வாரி முடிப்பதற்குள் கிளப்பிக்கொண்டு வருவாள். பூவம்மாவைக் கிளப்புவதுதான் பெரும்பாடு. அந்த வருடம் மழைக்கு முன்பு பூவம்மாவுக்கு மூச்சு வாங்குவது அதிகமாகி, படியேறவே கஷ்டப்பட்டாள்.

சீட்டு வாங்குகிற வரிசையில் இருவரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். சீட்டு எழுதுகிற பெண், "கூட வந்தது யாரும்மா? சொந்தமா?" என்று கேட்டாள்.

"ஓனரு," என்றாள் பூவம்மா.

"எந்தக் கம்பெனி?"

"இப்ப அவ ஓனரு இல்ல, நான்தான். அவ சும்மா இட்டுகினு வந்து பேஜாரு பண்றா."

சீட்டு எழுதுகிறவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ரமாபாய் குனிந்து, "சொந்தம்னே எழுதிக்கோம்மா" என்றாள். உள்ளே கூப்பிடும் வரைக்கும் பூவம்மா ஆஸ்பத்திரி கேன்டீன் தேநீரைத் திட்டிக்கொண்டே இருந்தாள். கூப்பிட்டதும், பெஞ்சடியில் அவள் கழற்றிவிட்டிருந்த செருப்பை ரமாபாய் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் போனாள்.